கரையில் நடக்க ஒரு வாரப் படிப்பு

ஒரு காட்டில், தண்ணீர் இருந்த வரைக்கும், ஒரு குளமும் இருந்ததாம். அந்தக் குளத்து மீன்களெல்லாம் நீச்சலில் மூன்று வருடப் பட்டப்படிப்பு படித்துவந்தன. கடைசி வருடத்தில் பார்த்தால், தண்ணீர் கொக்கின் முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

கொக்கு தொண்டையைச் செருமியது. "பட்டமெல்லாம் தண்ணி இருந்த காலத்துக்கு, கண்ணுங்களா. இனிமே எதிர்காலத் திறன்தான். 'கரையில் நடத்தல்', ஒரே வாரக் குறும்படிப்பு. தேறினா செதில்ல குத்திக்க சிப்பி பேட்ஜ். ஆனா அட்டெண்டன்ஸ் இல்லாதவங்களைப் பரீட்சைக்கு விடவே மாட்டேன். அதுல நான் ரொம்பக் கறார்."

முதலில் சேர்ந்தது பனையேறிக் கெண்டை மட்டும்தான். வாரக் கடைசியில் அது துடுப்பை ஊன்றி, விறுவிறுவென்று கரையேறி நடந்தே காட்டியது. கொக்கு உடனே படமெடுத்து மரத்தில் ஒட்டியது: 'எங்கள் மாணவி!' அன்று சாயங்காலமே குளம் மொத்தமும் பேர் கொடுத்துவிட்டது. குட்டி அயிரையும்தான்.

அயிரை மெல்லப் பனையேறியிடம் கேட்டது. "அக்கா, வகுப்புல என்ன சொல்லிக்குடுத்தார்?"

"யாருக்குத் தெரியும்? தூங்கிட்டேன்."

"அப்புறம் எப்படி நடந்தே?"

"எங்க வீட்ல எல்லாருமே நடப்போம்டி."

"ஐயோ, இதை எல்லார்கிட்டயும் சொல்லுக்கா!"

"சும்மா இரு. பேட்ஜுக்கு மதிப்பு போயிடும்."

அதற்கப்புறம் அயிரை வகுப்புப் பக்கமே போகவில்லை. சேற்றுக்குள் புகுந்து தூங்கியது.

பரீட்சை நாள் வந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகக் கரைக்குப் போயின, துள்ளின, காணாமல் போயின. கடைசியில் கொக்கு சேற்றைக் கிளறி, அயிரையைத் தூக்கிக் கரையில் போட்டது.

"சார், மத்தவங்கெல்லாம் எங்க?"

கொக்கு வயிற்றைத் தடவிக்கொண்டது. "எல்லாருக்கும் வேலை கிடைச்சிடுச்சு. நம்ம நிறுவனமே உள்ளே எடுத்துக்கிட்டது. ம், நட."

அயிரைக்கு மூச்சு முட்டியது. "சார்... நான் ஒரு வகுப்புக்கும் வரலை சார்."

திறந்த அலகு அப்படியே நின்றது. "ஒண்ணுக்குமா?"

"ஒண்ணுக்கும்."

"உனக்கெல்லாம் எதிர்காலமே கிடையாது! வெளியே போ!" கொக்கு விட்ட உதையில் அயிரை சேற்றில் போய் விழுந்தது.

"சரிங்க சார்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, மழை வரும்வரை உள்ளே புதைந்துகொண்டது.

கொக்கு மரத்திலிருந்த படத்தைக் கிழியாமல் உரித்து, இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு, அடுத்த குளத்தைப் பார்த்து நடந்தது.

நீதி: எதிர்காலம் வேண்டுவோர் அட்டெண்டன்ஸைக் குறைத்து வைத்துக்கொள்ளவும்.