நண்பகல் தீவட்டி

சலாமிஸ் தீவில் சௌக்கியமாக வாழும் என் தங்கை மகன் தியோக்ளஸுக்கு, உன் தாய்மாமன் யூதியாஸ் சொல்லச் சொல்ல அண்டைவீட்டுக்காரர் எழுதுவது. அதீனா உங்களைக் காப்பாளாக. என் இடுப்பு வலியை எழுதினால் தாள் போதாது என்கிறார் எழுதுகிறவர்.

ஹெலிக்கே ஊரைக் கடல் விழுங்கி, டெல்பியில் கோயிலும் சரிந்ததே, அந்தக் குளிர்காலத்தில்தான் உன் அம்மா பிலின்னாவின் கல்யாணம். உன் மகன் தீவட்டி இல்லாமல் நண்பகலில் பெண்ணை அழைத்துப் போவேன் என்கிறானாமே, கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் அப்பாவும் இதையேதான் சொன்னார். ஆலிவ் தோப்பில் தத்துவப் பாடம் கேட்டு வந்தவர், விருந்தில் குகைக் கதையை எடுத்தார். சங்கிலியில் கட்டுண்டவர்கள், முதுகுக்குப் பின்னால் நெருப்பு, நடுவே பொம்மைகளைத் தூக்கிப் போகிறவர்கள், எதிர்ச்சுவரில் விழும் நிழலையே உலகமென்று நம்பும் கூட்டம், தப்பிப்போய்ச் சூரியனைப் பார்த்த ஒருவன். சங்கிலி என்றால் என்ன என்று எங்கள் பெரியப்பா கேட்க, பழக்கம் என்றார். பெரியப்பா தன் மனைவியைப் பார்த்தார். பொம்மை தூக்குகிறவர்கள் சபையில் பேசுகிறவர்கள் என்றார் உன் அப்பா. பந்தியில் அப்படிப்பட்ட இரண்டு பேர் சாப்பாட்டை நிறுத்தினார்கள். நெருப்பு காட்டுவது நிழலை, ஆகவே தீவட்டி கூடாது, பெண்ணைச் சூரியன் காட்டட்டும் என்று முடித்தார். பெண்ணின் தாய் தீவட்டி பிடித்துக் கூட வராமல் புகுந்த வீடு போனவளை ஊர் வைப்பாட்டி என்னும், பிறக்கும் பிள்ளையைக் குலச்சபை குடிமகனாகச் சேர்க்காது. எங்கள் அப்பா கல்யாணத்தையே நிறுத்தப் போனார். எங்கள் அம்மாதான், "பகல்லயே போகட்டும், நான் கொளுத்திக்கிட்டுத்தான் வருவேன்" என்றாள். கோவேறு கழுதை வண்டிக்குப் பின்னால், உச்சி வெயிலில், இரண்டு கையிலும் தீவட்டி. தெருவில் ஒருவன், "என்னம்மா தொலைச்சீங்க?" என்றான். "மாப்பிள்ளையோட புத்தியைத்தான்." உன் அப்பாவோ வழியெல்லாம் சூரியனையே அண்ணாந்து பார்த்து வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கண் இருட்டிவிட்டது. மாப்பிள்ளை பெண்ணின் முக்காடு விலக்கும் வேளையில், மணத்தோழி கைரிப்பேயின் முக்காட்டை விலக்கி, தழுதழுத்த குரலில், "இதோ உண்மை" என்றார். பக்கத்திலிருந்து உன் அம்மா, "உண்மை இந்தப் பக்கம் உக்காந்திருக்கு. கொஞ்சம் நிழல்ல இருந்துட்டு வாங்க" என்றாள்.

ஆகவே பையனிடம் கண்டித்துச் சொல். எங்கள் அம்மா கையில் தீ எரிந்ததைக் கண்டோம் என்று நாங்கள் சத்தியம் செய்ததால்தான் குலச்சபையில் உன் பெயர் ஏறியது. பொழுது சாயட்டும், தீவட்டியோடுதான் போகவேண்டும். உன் மரங்கள் கொம்பு ஒடியக் காய்க்கட்டும். மருமகளுக்கு ஆசிகள்.

பி.கு.: படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். உச்சி வெயிலில் சுடர் யார் கண்ணுக்குத் தெரியும்? நாங்கள் பார்த்தது இரண்டு கட்டைகளை. அன்று காற்று வேறு. எரிந்தது என்றாள் அம்மா, சத்தியம் செய்தோம், உனக்கும் ஒரு குறையுமில்லை. பையன் பகலிலேயே போகட்டும். அன்று தீ எரிந்ததா என்று யாரிடமும் விசாரித்து மட்டும் வைக்காதே. அம்மாவை ஒட்டி, சூடு படும் தூரத்தில் நடந்தவர்களில் இன்னும் உயிரோடிருப்பவள் கைரிப்பே ஒருத்திதான்.