ஞாபகப் பொடியில் என் படம்

படித்தவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. அவன் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

நினைவு மூளையில் எப்படிப் பதிகிறது என்று ஆராய்ந்து எலிகளோடு இளமையைக் கழித்து, டாக்டர் பட்டத்துடன் திண்டுக்கல்லுக்குத் திரும்பி, வேலையில்லாமல் இருந்தேன். (எலிகளுக்காவது வேளாவேளைக்குத் தீனி கிடைத்தது.) அப்போது ஒரு பள்ளியில் பிளஸ் டூ பெற்றோர்களிடம் பேசக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் எங்கள் ஊர்க் கல்லூரிச் செயலர் ஃபாதர். அவர் கல்லூரியில் விலங்கியல் துறையில் ஓர் இடம் காலி. அவருக்குப் பின்னால் புதுப்புடவையில் என் அம்மா.

வெளுத்துக் கட்டினேன். "திரும்பத் திரும்பப் படித்தால் நரம்பு செல்லுக்குள் கால்சியம் பாயும். அது கிரெப் என்ற புரதத்தைத் தட்டி எழுப்பும். கிரெப் மரபணுக்களை முடுக்கிவிட, புதுப் புரதங்கள் உருவாகி, செல்களுக்கு இடையிலான இணைப்பு பலப்படும். அதுதான் நினைவு."

ஒருவர் எழுந்தார். "சார், அந்தக் கிரெப்பு எந்தக் கடையில கெடைக்கும்?"

"கடையில கிடைக்காதுங்க. மூளையே செஞ்சுக்கும். பிள்ளைகளை நல்லாத் தூங்க விடுங்க, போதும்."

"தூங்கவா?" கூட்டம் என்னை விரோதியைப் போலப் பார்த்தது.

அடுத்து, மதியச் சாப்பாட்டுச் செலவை ஏற்றிருந்த ஞாபகப் பொடி வியாபாரி மேடையேறினார். என் தோளில் கை போட்டார். "டாக்டர் தம்பி சொன்ன கால்சியம், கிரெப்பு அம்புட்டும் இந்த டப்பாவுல இருக்கு!" கேமரா மின்னியது. மறுக்க வாய் திறந்தேன். மைக் அவர் கையில் இருந்தது.

பொடி வாங்கும் வரிசையில் அம்மா நின்றார்.

"ஏம்மா, இப்பத்தானே சொன்னேன்?"

"ஏலே, உன் பேச்சைக் கேட்டு அம்புட்டுப் பேரும் வாங்குறாக. பெத்தவ வாங்காமப் போனா உன் மரியாதை என்னாகும்?"

சீக்கிரமே டப்பாவில் என் படம் வந்தது, பல் தெரிய. கீழே 'பிரபல மூளை விஞ்ஞானி பரிந்துரைத்தது.' எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். வியாபாரி வருத்தப்பட்டார். "குஜிலியம்பாறை வரைக்கும் ஒங்க மொகத்துக்குத்தான் தம்பி விக்குது."

நேர்முகத் தேர்வில் ஃபாதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொடி விக்கிறவங்களை நாங்க எடுக்கிறதில்ல தம்பி."

"ஃபாதர், கடையில கிடைக்காதுன்னு உங்க முன்னாலதானே சொன்னேன்?"

யோசித்தார். "அது ஞாபகம் இல்லையே."

உண்மையாகத்தான் சொன்னார். ஒருமுறை கேட்டது பதியாது. போகிற வருகிற கடையிலெல்லாம் கண்ணில் படும் டப்பா பதிந்துவிடும். என் ஆராய்ச்சியின் முடிவும் அதேதான்.

இப்போது கொடைரோட்டில் டியூஷன் எடுக்கிறேன். வீட்டில் யார் சாவியைத் தொலைத்தாலும், "பிரபல விஞ்ஞானியைக் கூப்பிடுங்க" என்று சிரிக்கிறார்கள். சொல்லச் சொல்லக் கதையும் மாறுகிறது. சமீபத்தில் கன்னிவாடியில் ஒரு கல்யாணத்தில் அம்மா என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்தினார்:

"அந்தப் பொடியைக் கண்டுபுடிச்சதே இவன்தான். கம்பெனிக்காரன் ஏமாத்திப்புட்டான்."