ஆதரவற்றோர் பட்டியலில் வேதாச்சலம்

"பயப்படாதீங்க தாத்தா. உங்களுக்கு சேவை பண்ணத்தான் வந்திருக்கறோம்."

கதவைத் திறந்த வேதாச்சலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் கான்வென்ட் யூனிஃபார்மில் ஏழெட்டுப் பிள்ளைகள், பக்கெட்டும் துடைப்பமுமாக. முன்னால் நின்ற ஒன்பதாம் கிளாஸ் சந்தியாவின் கையில் ஒரு நோட்டு. பின்னால் இரண்டு பேர் கேட்டில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கில், கொட்டை எழுத்தில்: 'ஆதரவற்ற முதியோருக்கு மாணவர் சேவை.'

"யாரும்மா ஆதரவில்லாதவன்? வூடு மாறி வந்துட்டீங்க."

சந்தியா நோட்டைப் பார்த்தாள். "வேதாச்சலம். சுகர் ஃபேக்டரில ரிட்டயர்டு. நீங்கதானே?"

"நான்தான். ஆனா எனக்கு ஒரு கொறையும் இல்லியே!"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சிஸ்டர் சொன்னாங்கல்ல?" என்று கிசுகிசுத்தான் கிரண்குமார். "மானஸ்தங்க இப்பிடித்தான் சொல்வாங்களாம். நாமதான் புரிஞ்சிக்கணுமாம்."

புரிந்துகொண்டு உள்ளே புகுந்தார்கள்.

வேதாச்சலம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. நாலு மணிக்குத் திருப்பதியிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். மகன் சுரேஷ்பாபுவுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. ஆறு ஜாதகம் தட்டிப்போய் ஏழாவதாக அமைந்த இடம். பையனை போட்டோவில் பார்த்தாயிற்று, குடும்பத்தை நேரில் பார்க்கவேண்டுமாம். அவர் சம்சாரம் ரத்னம்மா காலையில் காணிப்பாக்கம் கோயிலுக்குக் கிளம்பும்போது, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். அவரும் ஈசி சேரில் சாய்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"எனக்கு சம்சாரம் இருக்குதும்மா!"

"எங்க தாத்தா?"

"காலைலயே போயிட்டா."

சந்தியா எழுதினாள்: 'மனைவி விட்டுப் போய்விட்டார்.'

"அய்யோ, கோயிலுக்கும்மா! புள்ள இருக்கறான், அமெரிக்காவுல. இதோ பாரு." சுவரிலிருந்த போட்டோவில், பனியில் கார்மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான் சுரேஷ்பாபு.

"வந்து பாத்து எத்தினி வருஷமாச்சு?"

"மூணு. லீவு கெடைக்கல."

ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். நோட்டில் இன்னொரு வரி ஏறியது.

வசதியைக் கண்ணால் கண்டால் நம்புவார்கள் என்று ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டிலும் அரை எலுமிச்சம்பழமும் இருந்தன.

"தாத்தா துன்னே ரெண்டு நாள் ஆயிருக்கும்டா!" என்று அலறினான் கிரண்குமார். ஐந்து நிமிஷத்தில் பிரெட்டும் வாழைப்பழமும் வந்தன.

"டேய், நான் சாம்பார் சோறு துன்னுட்டு, அப்பளம் கடிச்சிக்கினு..."

"பாவம், ஆசையா சொல்லிக்கினு இருக்கறாரு. ஊட்டி வுடுடா."

அதற்குள் கூரையிலிருந்து ஒட்டடை உதிர்ந்தது. மூன்று ஃபேனும் வெளுத்தன. தரையில் தண்ணீர் ஓடியது. பெண் வீட்டாருக்காக எடுத்துவைத்திருந்த பட்டுக்கரை வேட்டியும் சட்டையும், கட்டியிருந்த லுங்கி தவிர மற்ற எல்லாமும் சோப்புத் தண்ணீரில் ஊறின.

"நான் எதைடா கட்டிக்கறது?"

தானமாக வந்த கம்பளி ஒன்றைப் போர்த்திவிட்டார்கள். வெயிலில் கம்பளி. வேதாச்சலத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

"காய்ச்சல்டி," என்றாள் மூக்கை உறிஞ்சியவள்.

மணி மூன்றேமுக்கால். பேனரையாவது கிழித்துவிடலாம் என்று கேட்டுக்கு ஓடினார். தாத்தா தலைசுற்றி விழப்போகிறார் என்று பிள்ளைகள் இரண்டு பக்கமும் பிடித்து, நாற்காலியில் உட்காரவைத்து, வாயில் பாதி வாழைப்பழத்தைத் திணித்தார்கள்.

அப்போதுதான் கார் வந்து நின்றது.

பெண்ணின் அப்பா நாகேந்திரன் இறங்கினார். பேனரைப் படித்தார். கம்பளியைப் பார்த்தார். வாழைப்பழத்தைப் பார்த்தார். அவர் மனைவி நேராக உள்ளே போய் ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டிப் பார்த்தாள். வேதாச்சலம் கண்ணை மூடிக்கொண்டார். ஏழாவதும் போயிற்று.

"சால சந்தோஷம்!" என்றது நாகேந்திரனின் குரல். "பசங்க சேவை கத்துக்கட்டும்னு வூட்டையே குடுத்து, நீங்களே வேஷம் கட்டி உக்காந்திருக்கறீங்களே! இந்த மாதிரி குடும்பம் எங்க கெடைக்கும்?"

"தூசு கூட இல்லீங்க," என்றாள் அவர் மனைவி.

வேதாச்சலம் பழத்தை மெல்ல விழுங்கினார். "ஏதோ... நம்மால ஆனது."

ஆட்டோவில் வந்து இறங்கிய ரத்னம்மா எதற்கும் திடுக்கிடவில்லை. கையிலிருந்த ஸ்வீட் டப்பாவைப் பிரித்தாள், காப்பி கலந்தாள். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு பெண் வீட்டார் சிரித்த முகத்தோடு கிளம்பினார்கள்.

கார் தெரு திரும்பியதும் வேதாச்சலம் கம்பளியை உதறி எறிந்தார்.

"நல்லதுதான் நடந்துச்சு, சரி. ஆனா எம்பேரை இந்த லிஸ்ட்ல சேத்தவன் எவன்? இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாவணும். பாரும்மா அந்த நோட்டை!"

ரத்னம்மாவுக்குத் திடீரென்று அடுப்பில் பால் பொங்குவது ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டாள்.

சந்தியா பக்கத்தைப் புரட்டினாள். "ரத்னம்மான்னு போட்டிருக்குது தாத்தா. பரண் மேல பித்தளை அண்டா ரெண்டு இருக்குதாம், அதையும் புளி போட்டுத் தேச்சுட்டுத்தான் போவணும்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்கறாங்க."