பரிந்துரை எண் பதினொன்று

அன்புத் தங்கைக்கு, அண்ணன் ஆசியுடன் எழுதுவது. உன் வீட்டில் அனைவரும் சுகமென நம்புகிறேன். இங்கு நான் சுகம். உன் அண்ணியும், பக்கவாதம் வந்த வலது கை, வலது கால் நீங்கலாக, சுகம்.

"அண்ணியைக் காப்பகத்தில் விடு, இல்லையென்றால் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தாய். இரண்டும் வேண்டாம். அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது. முதியோரின் நீண்டகாலப் பராமரிப்புக்கு மாநிலம் முழுக்கத் திட்டம் போடுகிறார்களாம், எல்லாத் துறைகளையும் ஒருங்கிணைக்க ஒரு குழுவாம், அதில் முதியோர் சார்பில் பேச ஆள் வேண்டுமாம். உதவி கேட்டு மனு கொடுக்கப் போன என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நல்ல மெத்தை நாற்காலி. ஜன்னல் திரை மெல்ல உப்பி உப்பி அடங்குது. சுவர்ல மாநில வரைபடம், மாவட்டத்துக்கு ஒரு நிறம். சுகாதாரத்துறைக்காரர் பேசப் பேச அந்த நிறமெல்லாம் கலைஞ்சு ஆறா ஓட ஆரம்பிச்சுது, ஆத்துல ஒரு படகு, படகுல உன் அண்ணி, தலைமுடியை அவிழ்த்து விட்டுக்கிட்டு, வலது கையால தண்ணியை அளைஞ்சுக்கிட்டு... "முதியோர் தரப்புல என்னய்யா சொல்றீங்க?"ன்னு தலைவர் கேட்டது படகுக்காரன் குரல் மாதிரி இருந்துச்சு. "முதல்ல அவளைக் குளிப்பாட்டுங்க"ன்னேனாம். பரிந்துரை எண் பதினொன்றுன்னு எழுதிக்கிட்டாங்க.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில வாசல்ல மூணு பேர். சுகாதாரத்துறை நர்ஸம்மா, நலத்துறை அம்மா, வீட்டுவசதித்துறை என்ஜினீயர். "தூக்குறது நலத்துறை வேலை"ங்குது நர்ஸம்மா. "தரை ஈரமா இருந்தா என்ஜினீயர்தான் பொறுப்பு"ங்குது நலத்துறை அம்மா. என்ஜினீயரோ குளியலறைக் கதவை அளக்கறார், அளக்கறார், அளந்துக்கிட்டே இருக்கார். மூணு மாசமா ஒரு வார்த்தை பேசாத உன் அண்ணி, கட்டில்ல இருந்தபடியே, நாக்கு குழறினாலும் அதட்டலா, "தண்ணி ஆறுது!"ன்னா.

அவ்வளவுதான். அம்மாக்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கிட்டாங்க. என்ஜினீயர் வெந்நீரைக் கொண்டாந்து கதவோரம் வச்சுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னார். நான் மொண்டு மொண்டு ஊத்தினேன். ஒரே ஆவி, வெயில் அதுல பொன்னா மிதக்குது, உள்ளேயிருந்து உன் அண்ணி சிரிக்கறா. "ஐயா, கண்ணுல என்ன?"ன்னு கேட்டுது நர்ஸம்மா. சோப்புன்னேன்.

ஆகவே நீ வீணாக அலைய வேண்டாம். உன் மாப்பிள்ளைக்கும் பேத்திகளுக்கும் எங்கள் ஆசிகள்.

பி.கு.: இப்போதுதான் போன் வந்தது. செவ்வாய்க்கிழமை நடந்தது சோதனை முயற்சியாம். மகத்தான வெற்றியாம். வெற்றி பெற்றதால் குழுவைக் கலைத்துவிட்டார்களாம். முதல் பஸ்ஸில் கிளம்பி வா. எதுவும் கொண்டு வராதே, ரெண்டு கை போதும்.