முழங்கால் போட்ட மாப்பிள்ளை

கோபக்காரர்களில் இரண்டு வகை உண்டு. கோபம் வந்தால் கத்துகிறவர்கள் ஒரு வகை. ‘எனக்கா கோபம்? எனக்குக் கோபமே வராது’ என்று கத்துகிறவர்கள் இன்னொரு வகை. கல்யாணமான புதிதில் நான் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன்.

எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்திருந்த காலம் அது. கொட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. மனைவி செல்வபாய் அருமனைக்காரி. நான் ஒன்பது வார்த்தை பேசினால் அவள் ஒன்று பேசுவாள். அந்த ஒன்றும் ‘ம்’ என்றுதான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பு எனக்கு. வெள்ளைச் சட்டையை மாட்டிக் கண்ணாடி பார்த்தேன். கழுத்துப் பொத்தான் கறுப்பு நூலில் தைக்கப்பட்டிருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துவிட்டதாம். சபை முழுக்க என் கழுத்தையே பார்க்கப்போகிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. (யார் பார்த்தார்கள்? ஒருத்தரும் பார்க்கவில்லை.) கத்தினேன். அவள் பதில் பேசவில்லை. பேசாமல் இருந்தது என் கோபத்தைக் கூட்டியது. கிணற்றடியில் இருந்த பித்தளைக் குடத்தை எடுத்துக் கிணற்றுக்குள் எறிந்தேன்.

அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த குடம். அது சுவரில் மோதி மோதி இறங்கிய சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, “வாத்தியாரே, ஆளு ஏதும் விழுந்தாச்சா?” என்று எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஆலயத்துக்குப் போய், கறுப்பு நூல் பொத்தானோடு, கணீரென்று வாசித்தேன். அன்றைய பாடம் சாந்தகுணத்தைப் பற்றியது. (சத்தியமாக. நான் தேர்ந்தெடுத்தது அல்ல.) ஆராதனை முடிந்து பார்த்தால் பெண்கள் பக்கத்தில் செல்வபாய் இல்லை. உடுத்த புடவையோடு அருமனைக்கு பஸ் ஏறியிருந்தாள்.

முதல் நாள், வந்துவிடுவாள் என்று வீறாப்பாக இருந்தேன். அடுத்த நாள் பாதாளக் கரண்டியைக் கடன் வாங்கிக் கிணற்றைத் துழாவினேன். குடம் வந்தது. இடுப்பில் வைக்கும் இடத்தில் ஒரு பெரிய நசுங்கல்.  புளி போட்டுத் தேய்த்தேன். குடம் பளபளத்தது, நசுங்கலும் சேர்ந்து பளபளத்தது.

எங்கள் தெருவிலேயே இருந்த எஸ்தர் அக்காவிடம் போய் நின்றேன். அக்கா என்னைவிடப் பெரிய கோபக்காரி. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அத்தானை அடித்ததாகத் தகவல் இல்லை. அதன் ரகசியத்தை அன்றைக்குத்தான் சொன்னாள்.

“ஏலே, கோவம் வந்தா யோசிக்காத. நின்ன எடத்துலயே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணு. முழங்கால் போட்டவன் எவனையும் அடிக்க ஏலாது, எதையும் தூக்கி எறிய ஏலாது.”

“ரோட்டுல வச்சு வந்தா?”

“ரோட்டுலயும் போடு. ஆண்டவருக்கு ரோடு தெரியாதா?”

அந்த வாரமே மாமனார் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: ‘சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வரட்டு. ஆளப் பாத்துட்டு, பிள்ளைய விடுகதா வேண்டாமான்னு சொல்லுகோம்.’ பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. அன்றைக்கு நான் பார்க்கப் போனேன். இப்போது அவர்கள் என்னைப் பார்க்கப்போகிறார்கள்.

சனிக்கிழமை குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். உள்ளங்கை வியர்த்துக் குடம் வழுக்கியது. என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று உதட்டுக்குள்ளே பேசிப் பார்த்தபடியே போனேன். நாகர்கோவில் தாண்டியதும் பக்கத்தில் இருந்த ஆள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குடத்தில் தாளம் போட ஆரம்பித்தார். தக்கலை வரை பொறுத்தேன். அதற்குப் பிறகு அவர் பாடவும் செய்தார். நசுங்கிய இடத்தில் விரல் பட்டபோது, “இஞ்ச மட்டும் சுதி சேரல்லியே” என்று என்னிடமே குறைப்பட்டார்.

காது சூடானது. அக்கா சொன்னது ஓர்மை வந்தது. ஓடுகிற பஸ்ஸில், நடுவில், முழங்கால் போட்டேன்.

கண்டக்டர் பாய்ந்து வந்தார். “ஓய், என்ன விழுந்து போச்சு?”

தொலைந்துகொண்டிருப்பது என் பொறுமை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் முன் சீட்டுக்காரர் காலைத் தூக்கினார். ஒரு அம்மா கூடையை நகர்த்தினாள். பஸ்ஸில் பாதிப் பேர் குனிந்து, எனக்கே தெரியாத எதையோ எனக்காகத் தேடினார்கள். தாளக்காரர்தான் அதிகம் தேடினார். நல்ல மனிதர். நான் எழுந்தபோது கோபம் போயிருந்தது. வெட்கம்தான் மிச்சம். ஆனால் வைத்தியம் பலிக்கிறது என்ற தைரியமும் வந்தது. அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது.

அருமனையில் மாமனார் வாசலிலேயே நின்றார். அதிகம் பேசாத, ரப்பரும் தென்னையுமாக வாழ்கிற மனிதர். “வாரும்” என்றார். ‘மாப்ளே’ என்ற சொல்லை விட்டுவிட்டார். மாமியார் குடத்தை வாங்கி, நசுங்கலைத் தடவிப் பார்த்து, உள்ளே கொண்டுபோனார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் செல்வபாயின் புடவை ஓரம் தெரிந்தது. ஆள் வெளியே வரவில்லை.

ஒருத்தர் மட்டும் ஏகப்பட்டது பேசினார். மாமனாரின் தம்பி ஞானமுத்துச் சித்தப்பா. ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி. ஆட்களை வேலை வாங்கி வாங்கி, சாதாரணமாகப் பேசுவதே அதட்டலாக ஆகிப்போனவர்.

பாய் விரித்து இலை போட்டார்கள். மரச்சீனிக் கிழங்கு அவித்தது, சோறு, மீன் கறி. நடுவில் ஒரு சட்டி நிறைய பொரித்த நெய்மீன். என்ன இருந்தாலும் மாப்பிள்ளை என்று, காலையிலேயே கடற்கரைக்கு ஆள் அனுப்பி வாங்கிய மீன். அதைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. விடைகொடுத்து அனுப்பப்போகிறவனுக்கு நெய்மீன் பொரிப்பார்களா?

இலையில் கை வைக்கும் முன்னால் சித்தப்பா கேட்டார்: “பின்ன மாப்ளே, இன்னைக்கு கொடத்த எறிஞ்சீரு. நாளைக்கு எங்க பிள்ளையையும் கெணத்துல எறிவீராக்கும்?”

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஏனென்றால் அந்த வாரம் முழுக்க அதையேதான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் இல்லாத கேள்வியை இன்னொருத்தர் சபையில் கேட்டால் வருகிற கோபம் தனி. கை தானாகத் தண்ணீர்ச் செம்பைப் பிடித்தது. பிடித்ததைப் பார்த்துப் பயந்துபோய், செம்பை விட்டுவிட்டு, பாயிலேயே தொப்பென்று முழங்கால் போட்டேன்.

நான் யோசிக்காத ஒன்று நடந்தது. அது ஜெப வீடு. அங்கே ஒருத்தன் முழங்கால் போட்டால் எல்லாரும் போடுவார்கள். மாமனார் போட்டார். மாமியார் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு போட்டார். சித்தப்பா முனகியபடி போட்டார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். நான் மனதுக்குள் ஆறிக்கொள்ளத்தானே முழங்கால் போட்டேன்? மாமனார் தொண்டையைச் செருமினார். “ஜெபிச்சிரும்.”

“இரக்கமுள்ள பிதாவே” என்று ஆரம்பித்தேன்.  “இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம். ஞானமுத்துச் சித்தப்பாவுக்காகவும்...” இங்கே நிறுத்தியிருக்கலாம். “...ஞானமுத்துச் சித்தப்பாவுக்காகவும் மன்றாடுகிறேன். அவருடைய நாவுக்குக் காவல் வையும். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனிடம் என்ன பேசவேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடும். எங்கள் கல்யாணத்திலும் சாப்பாடு காணாது என்று அவர்தான் சத்தம் போட்டார் என்பதை நீர் அறிவீர்!” கடைசி வரி வந்தபோது என் சத்தம் கூரையைத் தொட்டது.

ஜெபத்தில் குறுக்கே பேசக்கூடாது. ஆனால் கூட ஜெபிக்கலாம். சித்தப்பாவும் கண்ணை மூடியபடியே ஆரம்பித்தார்.

“ஆண்டவரே, பொய் பறையுத வாத்திமாருக்கு நல்ல புத்தி கொடும். அண்ணைக்கு பப்படம் காணாதுன்னுதான் நான் பறஞ்சேன்.”

“பப்படமும் சாப்பாடுதான் பிதாவே!”

“ஆண்டவரே, கெணத்துல எறிஞ்சது நானா, இவரா?”

இதற்கிடையில் முற்றத்திலிருந்து ஏதோ உள்ளே வந்தது. சட்டி லேசாக நகர்ந்தது. மெல்லுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஆமென் சொல்லாமல் யார் கண்ணைத் திறப்பது? “யேசுவே, யேசுவே” என்று மாமியார் உருகினார். பக்தி என்று நினைத்தேன். (அது மீனுக்காக.)

“ஆண்டவரே, ரெண்டு பேரு வாயையும் அடையும்” என்று மாமனார் ஜெபித்தார். எங்கள் இருவருக்கும் அது கேட்கவில்லை.

அப்போது அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமே இல்லாத குரல். அதனால்தானோ என்னவோ, நாங்கள் நின்றுபோனோம்.

“ஆண்டவரே, நானும் கொறச்சு பறையுகேன். கொடம் போனா போட்டு. அது கெணத்துல எறங்குன சத்தம் இப்பவும் எனக்க காதுல கெடக்கு. இவரு நல்லவருதான். ஆனா பள்ளிக்கூடம் விட்டு இவருக்க செருப்புச் சத்தம் கேட்டா கையில உள்ள பாத்திரத்த கீழ வச்சிருவேன். இன்னைக்கு எதுக்கு கோவப்படுவாரோன்னு பேடி. பேடிச்சுகிட்டு ஒரு வீட்டுல எப்பிடி இருக்கியது, ஆண்டவரே?”

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு செல்வபாய் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவள் என்னிடம் பேசவில்லை; அதனால் நான் அவளுக்குப் பதில் சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டு பயப்படுவதைப் பெருமையாக நினைத்து வந்தவன் நான். வீட்டிலும் ஒருத்தி பயந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் பொய். தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

“ஆண்டவரே...” என்றேன். அதற்குமேல் ஜெபப் பாஷை வரவில்லை. “செல்வபாய், நீ இனி வரவே மாட்டியோன்னு எனக்கும் பேடியாத்தான் இருக்கு” என்று சொன்னேன்.

 பிறகு அடுக்களையிலிருந்து “ஆமென்” என்று வந்தது.

எல்லாரும் கண்ணைத் திறந்தோம். சட்டி காலி. வாசற்படியில் பக்கத்து வீட்டு நாய் நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. சித்தப்பா சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மாப்ளே, உமக்க ஜெபத்தைக் கேட்டது அது ஒண்ணுதான்” என்றார். முதலில் சிரித்தது மாமியார்.

அன்றைக்கு அவள் என்னோடு வந்துவிடவில்லை. மாமனார் அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னார், அதற்கடுத்ததும். வெறும் மரச்சீனியும் மிளகாயும்தான் பரிமாறினார்கள். சித்தப்பா ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வந்து வம்பிழுத்தார். பொங்கி வந்தால் கிணற்றடி வரைக்கும் நடந்து போய், தனியாக, வாயைத் திறக்காமல் ஜெபித்துவிட்டு வருவேன். சில நாள் சீக்கிரம் திரும்புவேன். சில நாள் மரச்சீனி ஆறிப்போகும். ஒரு சனிக்கிழமை நான் திரும்பி வந்தபோது செல்வபாய் துணிப்பையோடு வாசலில் நின்றாள். “பஸ்ஸு போயிரும், வாங்க” என்றாள்.

கோபம் அதோடு என்னை விட்டு ஓடிப்போனது என்று சாட்சி சொல்ல எனக்கு ஆசைதான். ஓடவில்லை. இப்போதும் வருகிறது. கோபத்தோடு வீடு திரும்புகிற நாளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் இல்லாமல் வீட்டுக்குள் போய்ப் பழகிக்கொண்டேன். முழங்காலும் அக்காவுடையது போலக் கறுத்துவிட்டது.

அருமனை வீட்டில் அன்றைக்கு உண்டான ஒரு சட்டம் மட்டும் இன்னும் மாறவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் என்றால், குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகன் கண்ணை மூடக்கூடாது. மீன் சட்டிக்குக் காவல் இருக்க வேண்டும். டாக்டர் மாப்பிள்ளை ஒருத்தரும் காவல் இருந்திருக்கிறார், பட்டாளத்து மாப்பிள்ளை ஒருத்தரும் இருந்திருக்கிறார். என்னை ஒருநாளும் காவலுக்கு நிறுத்தியதில்லை. நான் கண்ணோடு சேர்த்து வாயையும் மூடிக்கொண்டால் போதும் என்று செல்வபாய் சொல்லிவிட்டாள்.