ஸ்ரீநிவாஸின் இன்னொரு தலை

மட்டுவார்குழலி காலையில் மொட்டை மாடிக்குப் போனபோது ஸ்ரீநிவாஸின் தலையைக் காணோம்.

முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கவிழ்த்த வாளியின் மேல்தான் காய வைத்திருந்தாள். வாளி இருந்தது. அடியில் விரித்த பேப்பர் இருந்தது. தலை மட்டும் இல்லை.

"அம்மா! ஸ்ரீநிவாஸ் தலை எங்கம்மா?"

பாலக்கரையில் அந்தச் சந்தே கேட்கும்படி கத்திவிட்டாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கையிலிருந்த வேட்டியோடு அப்படியே நின்றார்.

அம்மா ஆனந்தவள்ளி கரண்டியும் கையுமாக மேலே வந்தாள். "எது? அந்த மைதாமாவுத் தலையா? பக்கத்து மனைக் கொத்தனார் கேட்டாரு. குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா? அது என்ன கருவேப்பிலையா, கேட்டதும் ஒடிச்சுக் குடுக்க?"

"நீதானேடி நேத்து 'இது உருப்படாது'ன்னு சொல்லிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுக் கீழ வந்த? உருப்படாததை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? காலங்காத்தால வத்தல் காய வைக்க வந்தேன். அது என்னையே பாக்குது. வத்தலை அப்படியே போட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

குழலி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அது அவளுடைய சொந்தத் தலை, அது ஒன்றுதான் இப்போது கைவசம் இருந்தது.

விஷயம் இதுதான். கல்லூரியில் கடைசி வருட ப்ராஜெக்டுக்குக் குழலியும் நண்பர்களும் ஒரு பாட்டு வீடியோ எடுக்கிறார்கள். இயக்கம், மாதவன். பாடி நடிப்பது, ஸ்ரீரங்கம் உத்தர வீதி ஸ்ரீநிவாஸ். காதலிக்கிற பையன் ஒருவன் பெண் வீட்டில் குடையை மறந்து வைத்துவிட்டு வருவதுபோலத் தன் தலையை மறந்து வைத்துவிட்டு வந்துவிடுகிறான். உடம்பு ஸ்ரீரங்கம் முழுக்கத் தலையைத் தேடி அலைகிறது. தலை, பெண் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து பாடுகிறது. கதையை எழுதிய மாதவனுக்கே இது முழுசாகப் புரிந்ததா என்பது சந்தேகம்தான். ஆனால் தலை வேண்டும் என்பதில் மட்டும் அவன் உறுதியாக இருந்தான்.

"பல்லவியில மேல போவான் பாரு, அந்த இடத்து முகம் வேணும் குழலி. அதுதான் பாட்டோட உயிர்."

குழலி கல்லூரி விழாவில் ஸ்ரீநிவாஸ் பாடிய வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டாள். பலூனை ஊதி, அதன் மேல் செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து மைதாப் பசையில் ஒட்டி, மூக்கு வைத்து, கண் வைத்து, வாயைத் திறந்து, வர்ணம் பூசி, பழைய சவுரிமுடியை ஒட்டினாள். திரையில் இருந்ததைத்தான் செய்தாள். ஒரு மடிப்பைக்கூடத் தானாகச் சேர்க்கவில்லை.

படம் எடுத்து அனுப்பினாள். ஸ்ரீநிவாஸிடமிருந்து உடனே குரல் செய்தி வந்தது. "யாருடி இது? என் வாய் இவ்ளோ பெருசா? எங்காத்துல எல்லாரும் என் வாயை மொட்டு மாதிரிம்பா. கண்ணு வேற வெளில விழறாப்ல இருக்கு. பெருமாளே! இதை நான்னு சொன்னா யாராவது நம்புவாளா?"

மாதவனும் கையை விரித்துவிட்டான். "சாயல் வரல குழலி. நாளைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா ஒரு பூசணிக்காய்ல கண்ணு மூக்கு வரைஞ்சு முடிச்சிடறேன். அப்புறம் 'கலை: மட்டுவார்குழலி'ன்னு கார்டு போட முடியாது. 'காய்கறி: காந்தி மார்க்கெட்'னுதான் போடணும்."

குழலிக்கு அந்த ஒற்றைக் கார்டுதான் முக்கியம். சினிமாவில் கலை வேலைக்குத்தான் போவேன் என்று வீட்டில் மூன்று வருடமாகச் சண்டை போட்டு வருகிறவள். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா இப்போதுதான் மனம் இளகி, "எம்பொண்ணு பேர் திரையில வரப்போவுது" என்று பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

கைப்பிடிச் சுவரருகே போய்ப் பக்கத்து மனையை எட்டிப் பார்த்தாள். பாதி எழும்பிய புது வீடு. முதல் மாடியின் முன்தூணில், எலுமிச்சையும் மிளகாயும் கோத்த மாலையோடு, கறுப்புக் கயிற்றில் தெருவைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது ஸ்ரீநிவாஸின் தலை.

திருஷ்டி பொம்மையாக்கிவிட்டார்கள்.

வீட்டுக்காரம்மா மயிலம்மாள் மருங்காபுரியில் நிலபுலம் உள்ளவர். வீடு கட்டி முடிகிறவரை கூடவே இருந்து பார்ப்பதென்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்து, மணல் குவியலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். குழலி போய் நின்றாள்.

"அம்மா, அந்தப் பொம்மை என்னோடது. அம்மா தெரியாம குடுத்துட்டாங்க. கொஞ்சம் இறக்கித் தரீங்களா?"

"எறக்கறதா?" மயிலம்மாள் குடையை மடக்கிவிட்டார். "கட்டின திருஷ்டி பொம்மையைப் பால் காய்ச்சறதுக்கு முன்னாடி எறக்குவாங்களா தாயி? வீடு என்னத்துக்கு ஆகும்?"

"வேற பொம்மை கட்டிக்கலாமே."

"போன மாசம் வேற பொம்மைதான் கட்டியிருந்தேன். பல்லு, நாக்கு எல்லாம் இருந்துச்சு. ஒரு பய திரும்பிப் பாக்கல. எல்லாவனும் வீட்டையே பாத்து, எத்தனை ரூம்பு, எத்தனை ரூம்புன்னு கேட்டான். கேக்கக் கேக்க, போர்ல தண்ணி வரல, மேஸ்திரிக்குக் கால் பிசகிடுச்சு, கடைசியில அந்தப் பொம்மையே காத்துல பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இன்னிக்குக் காலையில இதைக் கட்டுனோம். பால்காரரு ஒரு பார்வை பாத்தாரு. சைக்கிளோட சாஞ்சாரு. வீட்டையே மறந்துட்டாரு. இதுதான் வேலை செய்யற பொம்மை."

"அது திருஷ்டி பொம்மையே இல்லம்மா. பாட்டுக்காரரு தலை."

"எந்தத் தலையா இருந்தா என்ன?" மயிலம்மாள் சிறிது யோசித்தார். ஏமாற்றுகிற மனுஷி இல்லை. "சரி, படிக்கிற புள்ள கேக்கற. ஒண்ணு பண்ணு. இதை விட பயங்கரமா ஒண்ணு கொண்டா. அதைக் கட்டிட்டு இதை எறக்கித் தந்துடறேன். டேய் வீரமலை, கேட்டுக்க."

"கேட்டுக்கிட்டேன் ஆத்தா," என்றார் கொத்தனார் வீரமலை சாரத்தின் மேலிருந்து. மருங்காபுரியிலிருந்து கூடவே வந்தவர். ஆத்தா சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

குழலி தோழி சபீனாவைப் போனில் அழைத்தாள். சபீனாதான் வீடியோவுக்கு மேக்கப். ஸ்ரீரங்கத்தில் ஸ்ரீநிவாஸுக்கு மேக்கப் போட்டு முடித்த கையோடு பஸ் ஏறி வந்தாள். இருவரும் பெரிய கடை வீதியில் இருந்ததிலேயே கோரமான ராட்சசப் பொம்மையை வாங்கி வந்தார்கள். கொம்பு, கோரைப்பல், மார்பு வரைக்கும் நாக்கு.

வீரமலை அதைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். சித்தாள் பெண்கள் சிரித்தார்கள்.

"இது என்ன ஆத்தா, பக்கத்துல வெச்சதும் சாதுவாத் தெரியுது?"

"பயந்தாப்ல இருக்கு," என்றார் மயிலம்மாள். "சரி, வந்ததை ஏன் திருப்பி அனுப்புவானேன்? பின்பக்கம் கட்டு."

இப்போது மயிலம்மாளிடம் இரண்டு பொம்மைகள். குழலியிடம் ஒன்றும் இல்லை.

மாடிக்குத் திரும்பியதும் சபீனாவுக்கு யோசனை வந்தது. "பயங்கரமா இருக்கறதாலதானே குடுக்க மாட்டேங்கறாங்க? அழகாக்கிடுவோம். அவங்களே வேணாம்னு தூக்கிப் போட்டுருவாங்க."

யோசனை என்னவோ நியாயமாகத்தான் பட்டது. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் இறங்கிய நேரம் பார்த்து, குழலி தொரட்டிக் கம்பால் தலையைக் கைப்பிடிச் சுவர் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கயிற்றை அறுத்து எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் அது மயிலம்மாள் கட்டிய கயிறு, அறுத்தால் வீட்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று குழலிக்கே உள்ளூரப் பயம். எனவே அறுக்கவில்லை. சபீனா சுவருக்கு மேல் எக்கிக் கன்னத்துக்கு ரோஸ் பூசினாள். உதட்டுக்குச் சிவப்பு. கண்ணுக்கு மை.

"ஸ்ரீநிவாஸுக்குப் போட்ட அதே லிப்ஸ்டிக்தான்டி. இப்ப பாரு, ராஜா மாதிரி இருக்கான்."

கம்பை விட்டதும் தலை ஆடிக்கொண்டே போய்த் தெருவைப் பார்த்து நின்றது. அந்த நேரம் சந்துக்குள் திரும்பிய ஒரு பள்ளிக்கூட வேனுக்குள்ளிருந்து ஒரே குரலாக அலறல் கேட்டது. பின்னால் வந்த ஆட்டோ அப்படியே ரிவர்ஸில் போனது. எதிர்வீட்டுக்காரர் காலையில் உலர்த்திய வேட்டியை எடுக்க வந்து, எடுக்காமலே உள்ளே போனார்.

மயிலம்மாள் கீழிருந்து வாயெல்லாம் பல்லாகச் சபீனாவைக் கூப்பிட்டார். "பாப்பா! சிவப்புப் பூசினது நீதானா? நல்லா இருப்ப! பால் காய்ச்சறன்னிக்கு உனக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தரேன். போர்ல தண்ணி வந்துடுச்சு!"

இனி அந்தத் தலை இறங்காது என்பது குழலிக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

போன் அடித்தது. மாதவன். "எங்க இருக்க? சாயங்காலம் டிபார்ட்மென்ட்ல காமிராவைத் திருப்பிக் குடுக்கணும். தலை ரெடியா?"

"ரெடிதான். ஆனா கொஞ்சம் உயரத்துல இருக்கு."

மாதவனுக்குப் புரியவில்லை. ஸ்ரீநிவாஸைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் நேரே வந்துவிட்டான். ஸ்ரீநிவாஸ் ஜிகினா சட்டையும் சபீனா போட்ட மேக்கப்புமாக மணல் குவியலருகே இறங்கினான். நிமிர்ந்து பார்த்தான்.

"இதுக்கு மிளகாய் வேற கட்டியிருக்கேளா?"

"சாரி ஸ்ரீநி..."

"மாதவா, நீயே சொல்லு, இது நானா?" மாதவன் உதட்டைப் பிதுக்கினான். ஸ்ரீநிவாஸ் மயிலம்மாள் பக்கம் திரும்பினான். "மாமி, நீங்க பெரியவா. நடுவுல நின்னு சொல்லுங்கோ. அந்தப் பொம்மை என்னை மாதிரியா இருக்கு?"

தன்னை மாமி என்று கூப்பிட்டதில் மயிலம்மாளுக்குச் சற்றுக் கூச்சம். எழுந்து வந்து அவனை மேலும் கீழும் பார்த்தார். "சேச்சே. தம்பி லட்சணமா இருக்கு. அதுவும் இதுவும் ஒண்ணா?"

அதுதான் குழலிக்குத் தாங்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். அந்தத் தலைக்கு இந்த ஊரிலேயே இருந்த ஒரே ரசிகை மயிலம்மாள். அவரும் சாயல் இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

"விடு குழலி," என்றான் மாதவன் மெதுவாக. "போற வழியில பூசணிக்காய் வாங்கிக்கறேன். அடுத்த வீடியோல பாத்துக்கலாம்."

அப்பா இந்நேரம் பட்டறையில் டீ குடித்துக்கொண்டே யாரிடமாவது இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். குழலிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதோடு கோபமும் வந்தது. திரையில் இருந்ததைத்தானே செய்தாள்?

"ஸ்ரீநி, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பல்லவியைப் பாடிட்டுப் போ. அந்த மேல போற இடம். இவங்க எல்லாம் கேக்கட்டும்."

ஸ்ரீநிவாஸிடம் பாடச் சொன்னால் அவன் கோபத்தை மறந்துவிடுவான். சுற்றிலும் பார்த்தான். சித்தாள்கள், கம்பி கட்டுகிறவர்கள், மாடியில் ஆனந்தவள்ளி. நல்ல கூட்டம்தான். மணல் குவியலின் மேல் ஏறி நின்று தொண்டையைச் செருமினான்.

"தலையை மறந்து வெச்சுட்டுப் போனேன் உன் வீட்டுல..."

குரல் நன்றாகத்தான் இருந்தது. 'வீட்டுல' என்ற இடத்தில் மேலே ஏற ஆரம்பித்தது. புருவம் உச்சந்தலையை நோக்கிக் கிளம்பியது. கண்கள் முன்னால் வந்தன. மொட்டு விரிந்தது, விரிந்துகொண்டே போனது, கடைசியில் உள்நாக்கு வரைக்கும் பாலக்கரைக்குத் தெரிந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. மையும் ரோஸும் வியர்வையில் இறங்கின. முகம் அங்கேயே நின்றது. சுருதி நிற்கிறவரை நின்றது.

ஒரு சித்தாளின் கையிலிருந்து சாந்துச் சட்டி விழுந்தது. கலவை மெஷினை யாரோ நிறுத்தினார்கள். சந்துமுனையில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மாடியில் ஆனந்தவள்ளி, "முருகா!" என்றாள்.

மயிலம்மாள் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாதவன் வாயைப் பிளந்தபடி குழலியைப் பார்த்தான். "அப்படியே இருக்குடி," என்றான். "ஒரு மடிப்பு கூட மிஸ் ஆகல."

குழலிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஸ்ரீநிவாஸ் பாட்டை முடித்து, அந்த அமைதியைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, மார்பில் கைவைத்துக் குனிந்து வணங்கினான்.

மயிலம்மாள் வீரமலையைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். வீரமலை மறுபேச்சில்லாமல் ஏணியில் ஏறினார். மிளகாய் மாலையைக் கழற்றினார், முடிச்சை அவிழ்த்தார், இறங்கி வந்து தலையைக் குழலியின் கையில் பத்திரமாகக் கொடுத்தார். பிறகு கறுப்புக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மிளகாய் மாலையும் கையுமாக மணல் குவியலை நோக்கி நடந்தார்.

"ஆத்தா, பொம்மையை எறக்கியாச்சு. தம்பியை அதே தூண்ல கட்டிடவா?"