வடக்குப் பல்கலைக்கழகம் ஏன் வேண்டாம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் நீங்கலாக. அங்கே சௌக்கியமா என்று கேட்கவில்லை. போன வாரம்தான் நேரில் பார்த்துவிட்டு வந்தேன். போனில் சொல்லாமல் கடிதமாக எழுதக் காரணம், போனில் என்றால் நீங்கள்தான் பேசுவீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கை, நம் சின்னது, உங்கள் ஊர் வடக்குப் பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை. தெற்குப் பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறாள். இன்று மாலை ஐந்து மணிக்குள் கணினியில் சம்மதம் கொடுக்க வேண்டும். தவறினால் இரண்டு இடமும் போய், ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து அம்மாவோடு டிவி பார்க்க வேண்டியதுதான். உங்கள் மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறீர்கள் என்பதால் காரணங்களை மழுப்பாமல் எழுதுகிறேன். மழுப்பினால் அம்மா ஏதோ சொல்லிக் கெடுத்துவிட்டாள் என்று சித்தி நினைப்பார்கள். அம்மாவும் சொன்னாள், ஆனால் அது தனி.

இரண்டுமே அரசாங்கத்துடையது, இரண்டும் ஒரு சிற்றூர் அளவு பெரியது, வீட்டிலிருந்து ஒன்று மேலே பதினோரு மணி நேரம், மற்றது கீழே பதினோரு மணி நேரம். இப்படி இருந்தால் மனிதன் எப்படி முடிவெடுப்பான்? அதனால் நான் ஓர் அட்டவணை போட்டேன். பதினான்கு வரிசை, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். லிப்ட் பராமரிப்பில் நாங்கள் ஒரு கட்டடத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் இப்படித்தான் செய்வோம். அப்பா முப்பது வருடம் பஸ் டிப்போவில் நேரம் குறித்தவர், ஆகவே ரயில் நேரத்துக்கு வருகிறதா என்பதற்குத்தான் பாதி மதிப்பெண் என்று சண்டை போட்டார். அம்மாவுக்கு ஒரே கேள்வி, "அவளுக்குக் காய்ச்சல்னு போன் வந்தா நான் எத்தனை மணிக்குப் போய் நிப்பேன்?" பதினோரு மணி நேரம் என்றேன். "அதெல்லாம் முடியாது, குறைச்சுப் போடு" என்றாள். பத்தரை என்று போட்டேன், இரண்டுக்கும். சின்னதைக் கேட்டோம். "நீங்க பார்த்துச் செய்யுங்க" என்றாள். ஆட்சேபணை இல்லை என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு நேரில் பார்த்தோம். முதலில் தெற்கு. ரயில் நான்கு நிமிடம் முன்னதாகவே வந்தது, அப்பா பிளாட்பாரத்தில் நின்று ஓட்டுநருக்குக் கை காட்டினார். ஆறு லிப்ட், ஆறும் ஓடுகின்றன, கதவு மூடும்போது சத்தமே இல்லை. விடுதியில் வெந்நீர். சின்னது படிக்க நினைப்பது நிலத்தடி நீர் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே அந்தத் துறை நாலாவது மாடியில் இருக்கிறது. நிலத்தடி நீரை நாலாவது மாடியில வச்சு என்ன பண்றாங்க என்று சின்னது கேட்டாள். திரையில் படம் போட்டுக் காட்டுவார்களாம். அறை குளிர்ச்சியாக இருந்தது, முழு மதிப்பெண் கொடுத்தேன்.

அப்புறம் உங்கள் ஊர். ரயில் ஒரு மணி ஐம்பது நிமிடம் தாமதம், அப்பா அப்போதே பேனாவை மூடி வைத்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் இரண்டு லிப்ட், ஒன்றில் நாற்காலி அடுக்கி வைத்திருக்கிறார்கள். மற்றதில் நான், அப்பா, அம்மா, விடுதிக் காப்பாளர் அம்மாள் நான்கு பேரும் ஏறினோம். சின்னது படியில் வருகிறேன் என்றாள். மூன்றாவது மாடி தாண்டியதும் பிரேக் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு குதி குதித்தேன். இது சோதனை, விளையாட்டு இல்லை. லிப்ட் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம். அப்பா என்னைப் பார்த்து, "உன்னை எவன்டா குதிக்கச் சொன்னது?" என்று கேட்டார். குதித்தால் நிற்பது பாதுகாப்பு, நாற்பது நிமிடம் திறக்க ஆள் வராதது நிர்வாகம் என்று விளக்கினேன். காப்பாளர் அம்மாள், "தம்பி, நீங்களும் விடுதியில சேரப்போறீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார்கள். அம்மா அந்த நேரத்தில் அவர்களிடம் காய்ச்சல் பற்றி முழுவதும் விசாரித்து முடித்தாள்.

வெளியே வந்து தேடினால் சின்னது துறைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அங்கே ஆய்வுக்கென்றே ஒரு கிணறு வெட்டி வைத்திருக்கிறார்கள். துறைத்தலைவர் என்று சொன்ன மனிதரின் கால்சட்டை முழங்கால் வரை சேறு. அவர் அளவுநாடாவை உள்ளே விடுகிறார், இவள் எண்ணைப் படித்துச் சொல்கிறாள், கூப்பிட்டால் திரும்பவில்லை. கிணற்றுக்கு அட்டவணையில் வரிசை இல்லை. கடைசி நேரத்தில் வரிசை சேர்ப்பது முறையும் இல்லை.

இனி உங்கள் வீடு. இரண்டு நாள் தங்கினோம், உபசரிப்பில் குறை இல்லை. ஆனால் மாடிக் குளியலறைக் குழாயில் ஒரு வாளி நிறைய பதினேழு நிமிடம் ஆகிறது, இரண்டு முறை அளந்தேன். மாடிப்படியில் ஏழாவது படி மற்றவற்றைவிட உயரம், அதில் அப்பாவின் முழங்கால் போயிற்று. நீங்கள் விடும் குறட்டை கதவு மூடியிருந்தும் மாடி வரை வருகிறது. சித்தி நல்லவர்கள், ஆனால் புத்தகத்தைக் கையில் எடுத்தவரைக் கண்டால் அவர்களுக்குப் பேச்சு வந்துவிடுகிறது. மூன்றாவது பக்கத்தில் இருந்த சின்னது இரண்டு நாள் கழித்தும் மூன்றாவது பக்கத்திலேயே இருந்தாள். இதற்கெல்லாம் சேர்த்து நூற்றுக்குப் பதினொன்று கொடுத்தேன். உறவு என்பதற்காகக் கூட்டியது இது.

மொத்தம்: தெற்கு எழுபத்தெட்டு, வடக்கு நாற்பத்தொன்று. மனம் வருந்த வேண்டாம். எண்களுக்குச் சித்தப்பா, பெரியப்பா கிடையாது.

சித்திக்கு வணக்கம் சொல்லவும். உங்கள் கண்ணாடிக் கடை வியாபாரம் பெருகவும், உங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றும் வராமல் இருக்கவும் வீட்டில் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்கு முன் சம்மதத்தைக் கொடுத்துவிடலாம் என்று நாலரை மணிக்குக் கணினியைத் திறந்தேன். தெற்கு இடத்தைப் போன வாரமே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது என வந்தது. இயந்திரக் கோளாறு என்று நினைத்து மூன்று முறை அழுத்தினேன். பிறகுதான் சின்னது வந்து பின்னால் நின்றாள். "நீங்க லிப்டுல இருந்தப்பவே ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்ணா. வடக்குலதான் படிக்கப் போறேன்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "எனக்கு இத்தனை வருஷத்துல யாரும் கருத்துச் சொல்லாத நேரம் அந்த நாப்பது நிமிஷம்தான். அதுலதான் யோசிக்க முடிஞ்சுது" என்றாள். அப்பா போய் ரயில் அட்டவணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா பெட்டியைத் துடைக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வருகிறாள். கடிதத்தைத் திருப்பி எழுத நேரமில்லை, மேலே உள்ள அளவுகள் எல்லாம் சரியானவையே, முடிவு மட்டும் மாறிவிட்டது. குழாயைப் பார்த்து வையுங்கள். அந்த ஏழாவது படியையும். ஸ்டேஷனிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் அரை மணிக்கு மேல் ஆகும். அது வரையிலாவது நீங்களும் சித்தியும் அவளிடம் எதுவும் பேசாமல் வாருங்கள். நான் இங்கே நாலரையிலிருந்து முயன்றுகொண்டிருக்கிறேன், ரொம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.